உடலின் சக்தி அட்டையைக் கண்டுபிடித்தவர்: யார் இந்த எல்லாப்பிரகட சுப்பாராவ்?

நாஃபா தேர்வு நினைவிருக்கிறதா?

ஷட்டில் ரன்னுக்குப் பத்துப் பன்னிரண்டு நொடி போதும். கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குவதெல்லாம் ஓடி முடித்த பிறகுதான். ஆனால் 2.4 கிலோமீட்டர் ஓட்டம் அப்படியில்லை. இரண்டாவது சுற்றிலேயே நெஞ்சு கெஞ்ச ஆரம்பித்துவிடும்.

இரண்டுமே ஓட்டம்தான், ஓடுவதும் அதே கால்கள்தான். அப்புறம் ஏன் ஒன்று மூச்சைப் பற்றிக் கவலைப்படுவதில்லை, இன்னொன்று மூச்சையே நம்பியிருக்கிறது?

இந்தக் கேள்விக்கான விடையின் முதல் பாதியைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர், சென்னையில் படித்த டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ். உயிரியல் பாடத்தில் எல்லாரும் மனப்பாடம் செய்யும் ஏடிபி என்ற மூன்றெழுத்தைத் தசையிலிருந்து பிரித்தெடுத்தவர்களில் அவரும் உண்டு. கர்ப்பிணிகள் சாப்பிடும் ஃபோலிக் அமில மாத்திரை, ரத்தப் புற்றுநோய்க்கான மருந்து, யானைக்கால் நோய்க்கான மாத்திரை என்று வேறு பலவற்றின் பின்னாலும் அவரும் அவர் வழிநடத்திய குழுவும் இருக்கிறார்கள்.

ஆனால் பாடப் புத்தகத்தில் அவர் பெயரைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் கிடைக்காது.

யார் அவர்? அவர் கண்டுபிடித்தது என்ன? பெயர் மட்டும் எப்படிக் காணாமல் போனது?

மூன்று முறை மெட்ரிக் எழுதியவர்

சுப்பாராவ் 1895 ஜனவரி 12ஆம் தேதி பீமவரத்தில் பிறந்தார். இன்று அது ஆந்திரப் பிரதேசத்தில் இருக்கிறது. அன்று சென்னை மாகாணத்தின் ஒரு பகுதி. வீட்டில் பேசியது தெலுங்கு. அப்பாவுக்கு உடல்நலம் சரியில்லை. நிறையப் பிள்ளைகள், கையில் காசு குறைவு.

படிப்பு ஏறவில்லை. 13 வயது வாக்கில் வீட்டைவிட்டு ஓடினார். காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரர் ஆவது திட்டம். ஆனால் வீட்டார் பிடித்துத் திரும்ப அழைத்து வந்துவிட்டார்கள். பையன் படித்தே ஆக வேண்டும் என்பதில் அம்மா வெங்கம்மா பிடிவாதமாக இருந்தார்.

கடைசியில் சென்னைக்கு வந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து, மூன்றாவது முயற்சியில் மெட்ரிகுலேஷன் தேறினார். அடுத்து மாநிலக் கல்லூரி. அங்கே படிக்கும்போது அவர் மனம் துறவறத்தின் பக்கம் சாய்ந்தது. ராமகிருஷ்ணா மிஷனில் சேர விரும்பினார். அம்மா சம்மதிக்கவில்லை. மருத்துவம் படித்தாலும் மக்களுக்குச் சேவை செய்யலாமே என்ற யோசனை வந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1919ல் சேஷகிரி என்பவரைத் திருமணம் செய்துகொண்டார். படிப்புச் செலவுக்கு மாமனார் கைகொடுத்தார்.

கதர் உடையின் விலை

அது காந்தி அந்நியத் துணிகளைப் புறக்கணிக்கச் சொன்ன காலம். சுப்பாராவ் அறுவை சிகிச்சை அங்கியைக்கூடக் கதரில் அணிந்தார். அறுவை சிகிச்சைப் பேராசிரியரான பிராட்ஃபீல்டுக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளை நன்றாகச் செய்திருந்தும், சுப்பாராவுக்கு முழுமையான எம்பிபிஎஸ் பட்டம் கிடைக்கவில்லை. அதற்கு ஒரு படி கீழே இருந்த எல்எம்எஸ் சான்றிதழ்தான் கிடைத்தது.

ஒரு சட்டை, ஒரு படி. கேட்பதற்குச் சின்ன விஷயம் போலத் தோன்றலாம். ஆனால் அந்த ஒரு படி அவரை நெடுந்தூரம் துரத்தியது. அரசாங்க மருத்துவப் பணி கிடைக்கவில்லை. சென்னையில் டாக்டர் அசண்ட லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பிக்கும் வேலையில் சேர்ந்தார்.

அதே காலத்தில் வீட்டில் பேரிடி விழுந்தது. அவருடைய சகோதரர்கள் இருவர் அடுத்தடுத்து இறந்தார்கள். காரணம் ஸ்ப்ரூ என்ற நோய். குடல் சத்துகளை உறிஞ்சாமல் போகும், ரத்தம் சோகை பிடிக்கும், உடல் கரைந்துகொண்டே போகும். சுப்பாராவையும் அது தாக்கியது. லட்சுமிபதியின் சிகிச்சையில் அவர் பிழைத்தார். சகோதரர்களைக் கொன்ற நோய்க்கு மருந்து எது என்று அன்று யாருக்கும் தெரியாது.

இந்த இடத்தை நினைவில் வையுங்கள். கதையில் ஸ்ப்ரூ திரும்பவும் வரும்.

இரவில் மருத்துவமனை ஊழியர், பகலில் ஆய்வாளர்

1920களின் தொடக்கத்தில் சுப்பாராவ் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். மாமனாரும் காக்கிநாடாவில் இருந்த ஓர் அறக்கட்டளையும் பண உதவி செய்தார்கள். மனைவி சென்னை மாகாணத்திலேயே இருந்தார். சில ஆண்டுகளில் திரும்பிவிடலாம் என்பது நினைப்பு. ஆனால் அவர் திரும்பவேயில்லை. கணவனும் மனைவியும் அதன் பிறகு சந்திக்கவேயில்லை.

பாஸ்டன் நகரில், ஹார்வர்டில் வெப்பமண்டல மருத்துவம் படித்தார். கையில் இருந்த சான்றிதழை வைத்துக்கொண்டு அங்கே டாக்டராக வேலை பார்க்க முடியவில்லை. வயிற்றுப்பாட்டுக்காக ஒரு மருத்துவமனையில் இரவு நேர ஊழியரானார். நோயாளிகளின் படுக்கைக்கடியில் இருக்கும் கழிவுத் தட்டுகளை அப்புறப்படுத்துவதும் அந்த வேலையில் அடக்கம்.

பட்டயப் படிப்பு முடிந்ததும் ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியின் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்க் என்ற ஆய்வாளரிடம் சேர்ந்தார். உடலில் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க நல்ல வழியொன்றைக் கண்டுபிடிப்பதுதான் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை.

தாமதமாக வந்த நீலம்

கேட்டால் சாதாரண வேலை மாதிரிதான் இருக்கும். ஆனால் அதுதான் கதவைத் திறந்தது.

1925ல் இருவரும் வெளியிட்ட முறை இதுதான்: ரத்தத்திலோ திசுவிலோ எடுத்த மாதிரியோடு சில ரசாயனங்களைச் சேர்க்க வேண்டும். பாஸ்பேட் இருந்தால் கரைசல் நீலமாகும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ, அவ்வளவு பாஸ்பேட். கண்ணால் பார்த்தே ஒப்பிடலாம். ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்று அதற்குப் பெயர். அறிவியல் உலகில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வுக் கட்டுரைகளில் அதுவும் ஒன்று. உலகம் முழுவதும் ஆய்வகங்களில் பல தலைமுறை மாணவர்கள் அதைச் செய்து பழகியிருக்கிறார்கள்.

தசையிலிருந்து எடுத்த சாற்றில் அதைச் சோதித்தபோது ஒரு விநோதம் தெரிந்தது. நீலம் உடனே முழுதாக வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, தாமதமாக ஏறியது.

இன்னொருவராக இருந்தால் ரசாயனம் கெட்டுவிட்டது என்று ஊற்றிவிட்டு மறுபடியும் தொடங்கியிருப்பார். இவர்கள் ஏன் தாமதம் என்று கேட்டார்கள். தசைக்குள் பாஸ்பேட் ஏதோ ஒன்றோடு ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும், சோதனைக் குழாயில் அது மெல்ல உடைந்து பாஸ்பேட்டை விடுவிக்கிறது, அதனால்தான் நீலம் தாமதமாக வருகிறது என்று புரிந்தது. அந்தப் பொருள்தான் பாஸ்போகிரியேட்டின். 1927ல் உலகுக்கு அறிவித்தார்கள். பிரிட்டனில் எகிள்டன் தம்பதியும் ஏறக்குறைய அதே நேரத்தில் அதே பொருளை எட்டியிருந்தார்கள்.

இன்று உடற்பயிற்சிக் கூடங்களில் இளைஞர்கள் தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் கிரியேட்டின் பொடி இருக்கிறதே, அதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. அந்தக் கிரியேட்டின்தான் தசைக்குள் போய்ப் பாஸ்பேட்டோடு சேர்ந்து பாஸ்போகிரியேட்டின் ஆகிறது.

இந்தக் கண்டுபிடிப்பு ஒரு பெரிய நம்பிக்கையை ஆட்டிவிட்டது. தசை இயங்க லாக்டிக் அமிலம்தான் காரணம் என்று அதுவரை கருதப்பட்டது. தசையில் வெப்பமும் லாக்டிக் அமிலமும் உண்டாவதை ஆராய்ந்ததற்காக 1922ஆம் ஆண்டின் நோபெல் பரிசே இரண்டு விஞ்ஞானிகளுக்கு வழங்கப்பட்டிருந்தது. பாஸ்பேட் உள்ளே நுழைந்த பிறகு அந்தப் படத்தைத் திருத்தி வரைய வேண்டியதாயிற்று.

1929ல் அடுத்த அடி. ஃபிஸ்க்கும் சுப்பாராவும் தசையிலிருந்து இன்னொரு பாஸ்பேட் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதுதான் ஏடிபி. ஜெர்மனியில் கார்ல் லோமன் என்ற ஆய்வாளர் தனியாக அதே பொருளைக் கண்டுபிடித்து, சில வாரங்கள் முந்தி வெளியிட்டுவிட்டார். அதனால் ஏடிபியைக் கண்டுபிடித்தவர்கள் என்று மூன்று பெயர்களையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

சரி, ஏடிபி என்றால் என்ன?

ஈசி-லிங்க் அட்டையை நினைத்துக்கொள்ளுங்கள்.

வங்கியில் எவ்வளவு பணம் இருந்தாலும், காலியான அட்டையைத் தட்டிப் பேருந்தில் ஏற முடியாது. அட்டையில் பணம் ஏற்றியிருக்க வேண்டும். தட்டினால் கொஞ்சம் குறையும். தீர்ந்தால் மறுபடி ஏற்ற வேண்டும். அட்டையை யாரும் தூக்கி எறிவதில்லை.

நாம் சாப்பிடும் சோறும் இட்லியும் வங்கிப் பணம் மாதிரி. உயிரணு அதை நேரடியாகச் செலவழிக்க முடியாது. ஏடிபி என்ற அட்டையில் ஏற்றித்தான் செலவழிக்கும். ஏடிபி மூலக்கூறில் மூன்று பாஸ்பேட்டுகள் வரிசையாக இருக்கின்றன. கடைசி பாஸ்பேட் கழன்று போகும்போது சக்தி வெளிப்படும். தசை சுருங்குவதும், நரம்பு செய்தி அனுப்புவதும், நீங்கள் இந்த வரியைப் படிப்பதும் அந்தச் சக்தியில்தான். மிஞ்சுவது இரண்டு பாஸ்பேட் கொண்ட ஏடிபி-யின் காலி அட்டை. அதற்குப் பெயர் ADP. இங்கே அதைக் காலி அட்டை என்றே அழைப்போம். அதில் ஒரு பாஸ்பேட்டை மறுபடி ஒட்டினால் அட்டை நிரம்பிவிடும்.

நம் உடலில் எந்த நேரத்திலும் இருக்கும் ஏடிபி ஏறக்குறைய 50 கிராம்தான் என்று மதிப்பிடுகிறார்கள். ஆனால் ஒரு நாளில் நாம் செலவழிக்கும் ஏடிபியைக் கூட்டினால், ஏறக்குறைய நம்முடைய உடல் எடை அளவுக்கு வரும். ஒவ்வோர் அட்டையும் ஒரே நாளில் ஆயிரம் முறை அளவில் காலியாகி, மறுபடி நிரம்புகிறது என்று பொருள்.

இப்போது ஷட்டில் ரன்னுக்கு வருவோம். வேகமாக ஓடும்போது ஏடிபி ஓரிரு நொடியில் தீர ஆரம்பிக்கும். அப்போது பாஸ்போகிரியேட்டின் தன்னிடம் இருக்கும் பாஸ்பேட்டைக் காலி அட்டைக்குக் கொடுத்துவிடும். அவசரத்துக்குச் சட்டைப் பையில் வைத்திருக்கும் சில்லறை மாதிரி. மூச்சு தேவையில்லை, ஆனால் பத்து நொடி வாக்கில் அதுவும் கரைந்துவிடும். ஷட்டில் ரன் அதற்குள் முடிந்துவிடுகிறது.

2.4 கிலோமீட்டருக்குச் சில்லறை போதாது. தொடர்ந்து பணம் ஏற்றும் இயந்திரம் வேண்டும். அந்த இயந்திரம் எங்கே இருக்கிறது?

புரோட்டான்களை இறைக்கும் மைட்டோகாண்ட்ரியா

இந்த இரண்டாவது பாதியை சுப்பாராவ் கண்டுபிடிக்கவில்லை. உணவை ஆக்சிஜனோடு சேர்த்து ஏடிபி ஆக்கும் வேலை உயிரணுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் நடக்கிறது என்பது 1940களின் இறுதியில்தான் உறுதியானது. எப்படி நடக்கிறது என்பதற்கு 1961ல் பிரிட்டிஷ் விஞ்ஞானி பீட்டர் மிட்சல் ஒரு விளக்கம் சொன்னார். முதலில் பலர் அதை ஏற்கவில்லை. ஆனால் 1978ல் அவருக்கு வேதியியல் நோபெல் பரிசு கிடைத்தது.

மிட்சல் சொன்னதைப் புரிந்துகொள்ள நம் மரினா அணைக்கட்டைப் பார்த்தால் போதும். கடல் ஏறியிருக்கும் நேரத்தில் கனமழை பெய்தால், அங்கே இருக்கும் ராட்சத பம்புகள் உள்ளே தேங்கும் நீரைக் கடலுக்குள் இறைக்கும். மேட்டுக்கு நீரை ஏற்றச் சக்தி செலவாகும். அப்படி இறைத்த நீர் திரும்பி வர ஒரே ஒரு வாசலை மட்டும் திறந்து, அதில் ஒரு சக்கரத்தையும் வைத்தால்? நீர் பாயும் வேகத்தில் சக்கரம் சுழலும். நம் அணைக்கட்டில் அப்படிச் சக்கரம் கிடையாது. மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கிறது.

மைட்டோகாண்ட்ரியாவுக்கு இரண்டு சவ்வுகள் உண்டு. உட்சவ்வில் மூன்று புரதப் பம்புகள் இருக்கின்றன. உணவிலிருந்து கிடைக்கும் எலக்ட்ரான்கள் ஒரு பம்பிலிருந்து அடுத்ததற்குக் கைமாறிப் போகும்போது வெளிவிடும் சக்தியில், அந்தப் பம்புகள் புரோட்டான்களை உள்ளேயிருந்து வெளியே தள்ளுகின்றன. புரோட்டான் என்பது எலக்ட்ரானை இழந்த ஹைட்ரஜன். கடைசியில் அந்த எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்வது ஆக்சிஜன். ஆக்சிஜன் அவற்றோடும் புரோட்டான்களோடும் சேர்ந்து தண்ணீராகிவிடும்.

நாம் மூச்சு விடுவதே பெரும்பாலும் இதற்காகத்தான். ஆக்சிஜன் இல்லாவிட்டால் எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்ள ஆள் இருக்காது. வரிசை அப்படியே நின்றுவிடும், பம்புகளும் நின்றுவிடும். 2.4 கிலோமீட்டர் ஓடும்போது நெஞ்சு கெஞ்சுவது இந்தப் பம்புகளுக்காக.

வெளியே தள்ளப்பட்ட புரோட்டான்கள் உள்ளே வரத் துடிக்கும். சவ்வு விடாது. திறந்திருக்கும் முக்கிய வாசல், ஏடிபி சிந்தேஸ் என்ற புரதம். புரோட்டான்கள் அதன் வழியே பாயும்போது அது நிஜமாகவே சுழல்கிறது. உவமைக்குச் சொல்லவில்லை. 1997ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அந்தச் சுழற்சியை நுண்ணோக்கியில் படமே பிடித்தார்கள். மனித உடலில் எட்டு புரோட்டான்கள் நுழைந்தால் ஒரு சுற்று. ஒரு சுற்றுக்கு மூன்று காலி அட்டைகள் நிரம்பும். நொடிக்கு நூறு சுற்றுக்கு மேல் சுழல முடியும்.

சவ்வில் ஓட்டை விழுந்தால் என்ன ஆகும்? 1930களில் அமெரிக்காவில் டைநைட்ரோஃபினால் என்ற மருந்தை உடல் எடை குறைக்கச் சாப்பிட்டார்கள். அது புரோட்டான்களைச் சக்கரத்தின் பக்கம் போகவிடாமல் சவ்வின் குறுக்கே கடத்திக் கொண்டுவந்துவிடும். சக்தி ஏடிபி ஆகாமல் வெறும் வெப்பமாகும். எடை குறைந்தது உண்மைதான். கூடவே உடல் கொதித்துச் சிலர் இறந்தும் போனார்கள். புரோட்டான் கணக்கு விளையாட்டல்ல.

சகோதரர்களைக் கொன்ற நோயும் ஃபோலிக் அமிலமும்

ஏடிபியைக் கண்ட பிறகு சுப்பாராவின் வாழ்க்கை எப்படிப் போனது?

1930ல் முனைவர் பட்டம் பெற்றார். ஹார்வர்டில் தொடர்ந்து கற்பித்தார், ஆய்வு செய்தார். ஆனால் நிரந்தரப் பேராசிரியர் பணி கிடைக்கவில்லை. ரத்தசோகையைக் குணப்படுத்தும் பொருள் ஈரலில் எங்கே இருக்கிறது என்று பல ஆண்டுகள் தேடினார். 1940ல் ஹார்வர்டை விட்டு, நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி ஆய்வகத்துக்குப் போனார். சீக்கிரமே அங்கே ஆய்வுப் பிரிவின் தலைவரானார்.

அடுத்த எட்டு ஆண்டுகள் மலைக்க வைப்பவை.

அவர் குழு ஃபோலிக் அமிலத்தை ஆய்வகத்திலேயே தயாரித்து 1945ல் அறிவித்தது. இந்தக் கதைக்கு ஓர் இந்திய முன்கதையும் உண்டு. 1930 வாக்கில் பம்பாயில் கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர், மார்மைட் கொடுத்தால் அவர்கள் தேறுவதைக் கவனித்தார். கஞ்சியில் கலந்து சாப்பிடுகிறோமே, அதே மார்மைட்தான். அதற்குள் இருந்த சத்து ஃபோலிக் அமிலம் என்பது பிறகு தெரிந்தது.

ஃபோலிக் அமிலம் யாருக்கெல்லாம் உதவியது தெரியுமா? ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு. அவருடைய சகோதரர்கள் இருவரைக் கொண்டுபோன அதே நோய். இருபது ஆண்டுகளுக்கு மேல் தாமதமாக, உலகின் இன்னொரு மூலையில், அவர் குழுவின் கையிலிருந்தே மருந்து வந்தது.

கதை அங்கே நிற்கவில்லை. ஃபோலிக் அமிலம் உயிரணுக்கள் பெருக உதவுகிறது. அப்படியானால் அதைத் தடுத்தால் புற்றுநோய் உயிரணுக்களின் பெருக்கத்தையும் தடுக்கலாம் அல்லவா? லெடர்லி குழு ஃபோலிக் அமிலத்தைப் போலவே இருந்து அதன் வேலையைக் கெடுக்கும் பொருள்களைத் தயாரித்தது. அவற்றில் ஒன்றான அமினோப்டெரினை பாஸ்டனில் டாக்டர் சிட்னி ஃபார்பர் கடும் ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்தார். 1948 ஜூனில் அவர் வெளியிட்ட அறிக்கையின்படி, 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது. தற்காலிகம்தான். ஆனால் அதுவரை அந்த நோய்க்கு அந்தத் தற்காலிகம்கூட இருந்ததில்லை. புற்றுநோய் மருந்துச் சிகிச்சையின் தொடக்கங்களில் ஒன்றாக அதைக் கருதுகிறார்கள். அமினோப்டெரினின் நெருங்கிய உறவான மெத்தோட்ரெக்ஸேட் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது.

யானைக்கால் நோய்க்கான டைஎத்தில்கார்பமசின் மருந்தும் 1947ல் அவர் குழுவிடமிருந்து வந்தது. டெட்ராசைக்ளின் வகையின் முதல் மருந்தான ஆரியோமைசினும் அவர் தலைமையில் இருந்த ஆய்வகத்தில்தான் பிறந்தது. பணி ஓய்வு பெற்று 70 வயதைத் தாண்டியிருந்த தாவரவியலாளர் பெஞ்சமின் டகர் அதைக் கண்டுபிடித்தார்.

ஃபார்பரின் அறிக்கை வெளிவந்து இரண்டு மாதத்தில், 1948 ஆகஸ்டில், சுப்பாராவ் தூக்கத்திலேயே மாரடைப்பில் இறந்தார். வயது 53.

பெயர் ஏன் காணாமல் போனது?

இனம், நிறம் என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். அதிலும் உண்மை இல்லாமல் இல்லை. 1946 வரை இந்தியர்கள் அமெரிக்கக் குடியுரிமை பெறவே முடியாது. கதவு திறந்த பிறகும் அவர் குடிமகனாகவில்லை. வந்த நாட்டுக்கும் சொந்தமில்லை, விட்டு வந்த நாட்டுக்கும் திரும்பவில்லை.

ஆனால் வேறு காரணங்களும் உண்டு. பாஸ்போகிரியேட்டினையும் ஏடிபியையும் வேறு நாட்டு ஆய்வாளர்களும் அதே நேரத்தில் கண்டுபிடித்தார்கள். ஏடிபியைக் கண்டுபிடித்ததற்காக லோமன் உட்பட யாருக்கும் நோபெல் கிடைக்கவில்லை. லெடர்லியில் நடந்ததோ கூட்டு வேலை. ஆய்வுக் கட்டுரைகளில் பல பெயர்களுக்கு நடுவே அவர் பெயரும் ஒன்றாகத்தான் இருந்தது.

இன்னொரு காரணத்தைச் சொன்னவர் ஜார்ஜ் ஹிச்சிங்ஸ். ஹார்வர்டில் அதே துறையில் மாணவராக இருந்து, 1988ல் மருத்துவ நோபெல் பெற்றவர். சுப்பாராவ் தனியே பிரித்தெடுத்திருந்த சில பொருள்களைப் பல ஆண்டுகள் கழித்து மற்றவர்கள் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது என்றும், பொறாமையினால் ஃபிஸ்க் அவற்றை வெளியே வர விடவில்லை போலிருக்கிறது என்றும் அவர் பிற்காலத்தில் கூறினார்.

சுப்பாராவும் தன்னைப் பற்றிப் பேசிக்கொள்ளும் ரகம் இல்லை. பேசியிருந்தால் கதை மாறியிருக்குமா என்பது வேறு கேள்வி. தகுதி இருந்தால் பெயர் தானாக வரும் என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். சுப்பாராவின் வாழ்க்கை அதற்கு ஒத்துப்போகவில்லை. வேலையைச் செய்வது ஒன்று. அதை யார் செய்தார் என்று எழுதி வைப்பது இன்னொன்று. இரண்டாவதை மற்றவர்கள்தான் செய்ய வேண்டும்.

கொஞ்சம் தாமதமாகவாவது சிலர் செய்தார்கள். 1950களில் ஒரு பூஞ்சைப் பேரினத்துக்கு சுப்பாரோமைசிஸ் என்று பெயர் வைத்தார்கள். 1995ல், அவர் பிறந்து 100 ஆண்டு ஆனபோது, இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டது.

சிங்கப்பூரில் அவர் எங்கே இருக்கிறார்?

சிலையோ தெருப் பெயரோ கிடையாது. ஆனால் லிட்டில் இந்தியாவைச் சுற்றி நடந்தால் அவர் வேலையைப் பார்க்காமல் இருக்க முடியாது.

வட்டாரத்தின் ஓரத்தில் கே.கே. மகளிர், சிறுவர் மருத்துவமனை இருக்கிறது. பழைய கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையின் வாரிசு. 1966ல் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன. உலகச் சாதனை அது. உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள், குடும்பத்தில் ஒருவராவது கே.கே.யில் பிறந்திருப்பார். இன்று கர்ப்பிணிகளுக்கு டாக்டர்கள் பரிந்துரைக்கும் ஃபோலிக் அமிலம், குழந்தையின் முதுகுத்தண்டும் மூளையும் சரியாக உருவாக உதவுகிறது.

ரத்தப் புற்றுநோய் கண்ட பிள்ளைகளுக்காக சிங்கப்பூர், மலேசிய மருத்துவர்கள் சேர்ந்து நடத்திய மா-ஸ்போர் சிகிச்சைத் திட்டத்திலும் மெத்தோட்ரெக்ஸேட் உண்டு. முடக்குவாதத்துக்கும் சோரியாசிஸுக்கும் அதே மருந்தைக் குறைந்த அளவில் கொடுக்கிறார்கள். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் யானைக்கால் நோயை ஒழிக்க ஊர் ஊராகக் கொடுக்கப்பட்ட மாத்திரைகளில் டைஎத்தில்கார்பமசின் முக்கியமானது. இலங்கையில் அந்த நோய் இனிப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை அல்ல என்று உலகச் சுகாதார நிறுவனம் 2016ல் அறிவித்தது.

புரோட்டான் சக்கரமும் இன்று மருத்துவத்துக்குள் வந்துவிட்டது. காசநோய்க் கிருமிக்கும் ஏடிபி சிந்தேஸ் உண்டு. அதை நிறுத்தினால் கிருமிக்குச் சக்தி இருக்காது. பெடாகுவிலின் என்ற மருந்து அப்படித்தான் வேலை செய்கிறது. மற்ற மருந்துகளுக்கு மசியாத காசநோய்க்கு அதைக் கொடுக்கிறார்கள். நம் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் காசநோய்க் கிருமியின் ஏடிபி சிந்தேஸ் எப்படி இருக்கிறது, அதை எங்கே பிடித்து நிறுத்தலாம் என்று ஆராய்கிறார்கள்.

அடுத்த முறை உயிரியல் ஆசிரியர் பலகையில் ஏடிபி என்று எழுதும்போது கையைத் தூக்கி, அதைக் கண்டுபிடித்தது யார் என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் நீங்களே சொல்லுங்கள்: கார்ல் லோமன், சைரஸ் ஃபிஸ்க், எல்லாப்பிரகட சுப்பாராவ்.